றிச்மண்ட் ஹில்லில் மலை எங்கே?

1996 ஆனி மாதம் அம்மா கனடாவுக்கு வந்து சேர்ந்தார். வந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை, "றிச்மண்ட் ஹில் பிள்ளையாரைப் பார்க்கவேணும்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த நாட்களிலேயே யாரோ அவருக்கு இந்தக் கோயிலைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். அப்போது எங்களிடம் கார் இல்லை. நண்பர் ஒருவரின் பழைய வானில் ஸ்காபரோவிலிருந்து 404 நெடுஞ்சாலையால் ஏறி, பேவியூ வீதியிலுள்ள கோயிலுக்குப் போய் இறங்கினோம். அம்மா செருப்பைக் கழற்றுமுன் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"மோனை, ஹில் எண்டால் மலையெல்லோ? எங்கை மலை?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதுவரை நான் அதை யோசித்ததும் இல்லை. சுற்றிவர வயல்வெளியும் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த வீடுகளும்தான். பதில் தெரியாதவன் பகிடி விடுவது வழக்கம். "கீரிமலையிலை எங்கையம்மா மலை?" என்றேன்.

அம்மா மாவிட்டபுரத்துக்காரி. 1990இல் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர். கீரிமலையைப் பகிடி பண்ணினால் விடுவாரா? சிரிக்காமல் சொன்னார்: "கடலுக்குள்ளை இடுப்பளவு தண்ணியிலை நிண்டு கரையைப் பார். அப்ப தெரியும் மலை."

அன்று பூசை முடிந்து சாதம் வாங்கிச் சாப்பிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆனால் அந்தப் பதில் என்னை விடவில்லை. குடாநாட்டின் மற்றக் கரைகளில் பெரும்பாலும் மணல். காங்கேசன்துறை, கீரிமலைப் பக்கம் வந்தால் மட்டும் சுண்ணக்கல் கடலோரத்தில் படிபோல எழுந்து நிற்கும். வீதியால் வருபவனுக்கு அது மேடுகூட இல்லை. வள்ளத்திலிருந்து கரையைத் தேடுபவனுக்கு அது மலை. கீரிமுகம் மாறிய நகுலமுனிவரின் கதையை யாத்திரிகர்கள் சொன்னார்கள். மலை என்ற பாதியைக் கடலோடிகள்தான் வைத்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம். ஓர் ஊரின் பெயரை விளங்கவேண்டுமானால் பெயர் வைத்தவன் எங்கே நின்றான், எதை மிதித்தான் என்று முதலில் கேட்கவேண்டும். அம்மா சொன்னது அதுதான்.

நம் ஊர்ப் பெயர்களை இந்தக் கண்ணால் ஒருமுறை பாருங்கள். பருத்தித்துறைக்குப் பக்கத்தில் கற்கோவளம். கோவளம் என்றால் கடலுக்குள் நீளும் முனை. இன்னும் தெற்கே போனால் மணற்காடு. மணற்குன்றுகளுக்குள் பாதி புதைந்து நிற்கும் பழைய தேவாலயம் அந்தப் பெயருக்குச் சாட்சி. தீவுப்பக்கம் போனால் மண்கும்பான், அதற்கு அருகே அல்லைப்பிட்டி. பிட்டி என்பது மேட்டுநிலம். கொக்குவில், இணுவில், கோண்டாவில் என்று முடிபவற்றில் உள்ள 'வில்' மழைத்தண்ணீர் தேங்கும் சிறு குளத்தைக் குறிக்கும் என்பது பல ஆய்வாளரின் கருத்து. சிங்களத்திலும் 'வில' என்றால் குளம்தான். சுன்னாகத்தைச் சுண்ணத்தோடு சேர்த்துப் பேசுவோரும் உண்டு. சுண்ணக்கல்லின் மேல் இருக்கும் ஊருக்கு அது பொருத்தம்தான் என்றாலும், ஓசை ஒத்துப்போவதை மட்டும் வைத்துப் பெயருக்குப் பொருள் சொல்வதில் எனக்கு எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. இப்படித் தயங்கித் தயங்கி, ஊர் ஊராக விசாரித்து எழுதியவர்களில் ஒருவர் பேராசிரியர் இ. பாலசுந்தரம். ஈழத்து இடப்பெயர்களைத் தொகுத்து நூலாக்கிய அவர் பின்னர் ரொறன்ரோவிலேயே வாழ்ந்தார்.

இனி இந்த ஊருக்கு வருவோம்.

அக்காவின் மகன் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் அண்மையில்தான் கனடாவுக்கு வந்தான். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் இருக்கிறார்கள். மூத்தவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். காரில் ஏறியதும் மூத்தவள் கேட்டாள்: "தாத்தா, றிச்மண்ட் ஹில்லிலை மலை இருக்கா?"

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் காத்திருந்த கேள்வி. அம்மா இப்போது இல்லை. ஆனால் அவர் சொன்ன வழி இருக்கிறதே! காரை வடக்கே விடாமல் தெற்கே விட்டேன். மலையைப் பார்க்கவேண்டுமானால் தண்ணீரில் தொடங்கவேண்டும்.

ஒன்ராறியோ ஏரிக்கரையில், யங் வீதி தொடங்கும் இடத்தில் இறங்கிப் பிள்ளைகளுக்கு ஏரியைக் காட்டினோம். ரொறன்ரோ என்ற பெயருக்கு மொஹோக் மொழியில் 'தண்ணீரில் மரங்கள் நிற்கும் இடம்' என்று பொருள் சொல்வார்கள். முதலில் அது இந்த இடத்தின் பெயரே அல்ல. வடக்கே சிம்கோ ஏரியும் கூச்சிச்சிங் ஏரியும் சந்திக்கும் ஒடுக்கத்தில், மீன் மறிப்பதற்காகத் தண்ணீருக்குள் மரக்கம்புகளை நட்டு வைத்திருந்தார்கள். நம் களங்கட்டி மீன்பிடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தின் பெயர் மெல்ல மெல்லத் தெற்கே நகர்ந்து, பாதைக்கும் ஆற்றுக்கும் கோட்டைக்கும் வந்து, கடைசியில் நகரத்துக்கே வந்து ஒட்டிக்கொண்டது. மக்களோடு பெயர்களும் இடம்பெயர்வதுண்டு.

ஏரிக்கரையிலிருந்து வடக்கே யங் வீதியால் போகிறவர்களுக்கு ஒரு சின்ன விளையாட்டுச் சொல்லித் தருகிறேன். சப்வேயில் போகாதீர்கள், நிலத்தின் கீழே போனால் ஒன்றும் விளங்காது. மேலே பஸ்ஸில் போங்கள், அல்லது காரில். வழியில் வரும் பெயர்களைக் கவனியுங்கள்.

முதலில் சமர்ஹில் வரும். அங்கே வீதி சட்டென்று ஏறும். பனிக்காலம் முடிந்து பனி உருகிய நாட்களில் இந்த ஏரி இன்றையதைவிடப் பெரிதாக, உயரமாக இருந்தது. அந்தப் பழைய ஏரிக்கு இறொக்குவா என்று பெயரிட்டிருக்கிறார்கள். அதன் கரை இந்த ஏற்றத்தில்தான் இருந்தது. டேவன்போர்ட் வீதி அந்தப் பழங்கரையின் அடியை ஒட்டித்தான் போகிறது. ஐரோப்பியர் வருமுன்பே அது இந்நாட்டு மக்களின் நடைபாதை. அதே மேட்டின் பெயர்தான் ஸ்பாடைனாவும். ஒஜிப்வே மொழியில் 'இஷ்பதினா' என்றால் உயர்ந்த இடம், குன்று. 1818இல் போல்ட்வின் என்ற வைத்தியர் மேட்டின்மேல் வீடு கட்டி அந்தப் பெயரை வைத்தார். பிறகு அது கீழே நகரத்துக்குள் இறங்கி வீதியாகி, இன்று சைனாரவுனின் நடுவே சமதரையில் ஓடுகிறது. ஸ்பாடைனாவில் மலிவு மரக்கறி வாங்கப் போகும்போது, நாம் குன்று என்ற பெயருள்ள வீதியில் நிற்கிறோம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சமர்ஹில்லைத் தாண்டிப் போனால் யோர்க் மில்ஸுக்கு அருகே வீதி விழுந்து எழும்பும். அந்த இடத்தின் பெயர் ஹொக்ஸ் ஹொலோ. ஹொக் என்பது மா ஆலைக்காரரின் பெயர். ஹொலோ என்றால் பள்ளம். மேற்கு டொன் ஆறு அறுத்த பள்ளம் அது. 1960 பங்குனியில் அந்தப் பள்ளத்தின் கீழே தண்ணீர்க்குழாய்க்குச் சுரங்கம் தோண்டும்போது தீப்பிடித்து ஐந்து தொழிலாளர் இறந்துபோனார்கள். ஐவரும் இத்தாலியிலிருந்து வந்த குடியேறிகள். வேலைப் பாதுகாப்புச் சட்டங்கள் இந்த மாகாணத்தில் இறுகுவதற்கு அந்தச் சாவுகள் காரணமாயின. இன்று நம் பிள்ளைகள் கட்டட வேலைக்குப் போகும்போது போடும் பாதுகாப்புத் தொப்பிக்குப் பின்னால் அந்த ஐந்து பேரும் இருக்கிறார்கள். பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே கடந்துபோகிற இடமல்ல அது.

பள்ளத்திலிருந்து ஏறிப் போனால் தோண்ஹில். தோண் என்பவரும் ஆலைக்காரர்தான்; ஹில் என்பது டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேடு. பிறகு றிச்மண்ட் ஹில். பிறகு ஓக் றிட்ஜஸ். றிட்ஜ் என்றால் நெடுமேடு. குன்று, பள்ளம், குன்று, குன்று, நெடுமேடு. மூத்தவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். வீதி முழுவதும் மேடுபள்ளத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். காரின் எஞ்சின் அதை நமக்குத் தெரியாமல் அழித்துவிடுகிறது. 1796இல் இந்த வீதியைக் காட்டுக்குள் வெட்டித் திறந்தபோது சேற்றுக்குள் மாட்டு வண்டில் தள்ளி ஏறியவனுக்கு ஒவ்வோர் ஏற்றமும் முதுகெலும்பில் தெரிந்திருக்கும். பெயர் வைத்தவன் அவன்.

றிச்மண்ட் ஹில்லின் பெயர்க்கதை இன்னும் சுவையானது. முதலில் மைல்ஸ் ஹில் என்றார்கள். மைல்ஸ் ஆரம்பகாலக் குடியேறி. பிறகு மவுண்ட் பிளெசன்ற், அதாவது இனிய மலை. 1819இல் ஆளுநராக இருந்த றிச்மண்ட் கோமகன் இந்த வழியால் வந்துபோனாராம். அதே வருடம் ஆவணியில், நரி கடித்து விசர்நோய் கண்டு அவர் இறந்துபோனார். அவர் பெயரால்தான் றிச்மண்ட் ஹில் ஆயிற்று என்பது ஒரு கதை. இங்கிலாந்தின் றிச்மண்ட் ஹில்லைப் பற்றிய பாட்டொன்றை ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் பெண்கள் விரும்பிப் பாடியதால் வந்தது என்பது இன்னொரு கதை. எது சரியாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான் முக்கியமாகத் தெரிகிறது. மைல்ஸ் போனார், இன்பம் போயிற்று, கோமகன் வந்தார். இரண்டு முறை பெயர் மாறியும் மலையை ஒருவரும் விடவில்லை. 1873இல் கிராமசபையானபோதும், 1957இல் பட்டினமானபோதும், 2019இல் மாநகரமானபோதும் அந்த ஹில் கூடவே வந்திருக்கிறது.

அப்படியானால் எங்கே மலை? அது ஒரு கூம்பாக நின்று படம் எடுக்கும் மலை அல்ல. நிலமே மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டு போகிறது. ஒன்ராறியோ ஏரியின் மட்டம் கடலிலிருந்து ஏறக்குறைய 75 மீற்றர். ஓக் றிட்ஜஸ் வரும்போது 300 மீற்றரை நெருங்கியோ தாண்டியோ இருப்போம். நாற்பது கிலோமீற்றருக்குள் இருநூறு மீற்றருக்கு மேல் ஏற்றம். யாழ்ப்பாணத்தில் ஓரிடத்திலும் காணாத உயரம். அதைத்தான் அம்மாவும் நானும் அன்று வானில் அரைத் தூக்கத்தில் ஏறி வந்திருக்கிறோம்.

இந்த ஊராரும் இது உயரம் என்று தெரிந்துதான் வாழ்ந்தார்கள். 1935இல் றிச்மண்ட் ஹில் மேட்டில் டேவிட் டன்லப் வானாய்வுக்கூடத்தைத் திறந்தார்கள். 74 அங்குலத் தொலைநோக்கி. கனடாவில் அதைவிடப் பெரியது இல்லை. சிக்னஸ் எக்ஸ்-1 ஒரு கருந்துளை என்பதை 1970களின் தொடக்கத்தில் உறுதிப்படுத்திய ஆய்வுகளில் ஒன்று இங்கேதான் நடந்தது. கோயிலுக்கு வருகிறவர்கள் ஒருநாள் பிள்ளைகளுக்கு அதையும் காட்டலாம்.

இந்த மேட்டை உண்டாக்கியது பனி. ஏறக்குறைய 13,000 வருடங்களுக்கு முன் இங்கே கிலோமீற்றர்க் கணக்கில் தடித்த பனிப்பாளங்கள் கிடந்தன. அவை உருகிப் பின்வாங்கும்போது, வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு பனிநாக்குகளுக்கு நடுவே உருகிய தண்ணீர் ஓடி, அது கொண்டுவந்த மணலையும் பரல்கல்லையும் கொட்டிவிட்டுப் போயிற்று. அப்படிக் கொட்டிய மேட்டைப் புவியியலாளர் மொறெய்ன் என்பார்கள். நயாகரா மலைச்சரிவிலிருந்து கிழக்கே ட்ரென்ற் ஆற்றுப் பக்கம்வரை 160 கிலோமீற்றர் நீளத்துக்கு அது கிடக்கிறது. பெயர் ஓக் றிட்ஜஸ் மொறெய்ன். மணல்தரை தண்ணீரைப் பிடித்துவைக்காது, மேற்பரப்பு காய்ந்திருக்கும். அப்படிப்பட்ட காய்ந்த மேட்டை ஓக் மரம் விரும்பும். மேட்டையும் மரத்தையும் பார்த்தவன் வைத்த பெயர் ஓக் றிட்ஜஸ். மரத்தைச் சொல்லி மண்ணைச் சொல்வது நமக்குப் புதிதா? எற்றோபிக்கோ என்பதும் ஒஜிப்வே மொழியில் 'அல்டர்' மரங்கள் வளரும் இடம் என்றே பொருள்படும். அல்டர் ஈரத்தரை மரம். பெயரைப் படித்தாலே எங்கே கால் புதையும், எங்கே புதையாது என்று தெரிந்துவிடும்.

ஓக் றிட்ஜஸுக்கு வேறொரு பெயரும் இருந்தது. புரட்சிக்குத் தப்பி இங்கிலாந்துக்கு ஓடிவந்த பிரெஞ்சு அரச ஆதரவாளர் சிலரை, கோமகன் புய்சே என்பவரின் தலைமையில் 1799இல் இங்கே குடியேற்றினார்கள். நாட்டைவிட்டு ஓடிவந்த அகதிகள்தாம், பட்டுச் சட்டை போட்ட அகதிகள். தங்களுக்கு உதவிய இங்கிலாந்துப் போர் அமைச்சர் விண்டம் என்பவரின் பெயரைக் குடியிருப்புக்கு வைத்தார்கள். சில வருடங்களில் குடியிருப்பு கலைந்தது. விண்டம் என்ற பெயரும் கூடவே போயிற்று. வேடிக்கை என்னவென்றால், அவருக்கு முன் அதே பதவியில் இருந்தவர்தான் ஜோர்ஜ் யங். அவர் இந்நாட்டில் கால் வைக்காமலே வீதியாக நிலைத்துவிட்டார். பெயர்களின் தலையெழுத்து அப்படி.

ஓக் றிட்ஜஸில் வில்கொக்ஸ் ஏரிக்கரையில் காரை நிறுத்தினோம். கோயிலடியில் பேவியூ வீதி என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு துளித் தண்ணீரும் காட்டாத வீதி, இங்கே வந்தபின் ஏரிக்கரையை ஒட்டிப் போய்த் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. இந்த மேட்டில் இப்படிச் சின்னதும் பெரிதுமாகப் பல ஏரிகள்: வில்கொக்ஸ், பொண்ட், சென். ஜோர்ஜ், பிலிப்ஸ். இவற்றைக் கெற்றில் ஏரிகள் என்பார்கள், பானை ஏரிகள் என்று வைத்துக்கொள்ளலாம். பின்வாங்கிய பனியிலிருந்து உடைந்த பெரும்பாளங்கள் மணலுக்குள் புதைந்துபோயின. பிறகு மெல்ல உருகின. மேலிருந்த மணல் இறங்கிப் பானைபோலக் குழி விழுந்து தண்ணீர் நிரம்பியது.

"எங்கடை ஊரிலை இதைப் பொக்கணை எண்டு சொல்லுவம்" என்றேன். ஊரெழுவில் இருக்கும் பொக்கணை எனக்கு நினைவுக்கு வந்தது. இங்கே பனி உருகி விழுந்த குழி; அங்கே மழைத்தண்ணீர் சுண்ணக்கல்லைக் கரைத்துக் கரைத்து மேல்தட்டு இடிந்து விழுந்த குழி. புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணறும் அப்படிப்பட்டதுதான். காரணம் வேறு, உருவம் ஒன்று.

மருமகன் ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குப் பொக்கணை எண்டால் வேறை, மாமா" என்றான்.

அவன் ஒட்டுசுட்டானில் வளர்ந்தவன். 2009இல் மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம் என்று கடற்கரையோரம் துரத்தப்பட்டவன். அப்போது வயது பதினேழு. அன்று அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அங்கை எல்லாம் மணல் மாமா. பங்கர் வெட்டினால் நிக்காது. வெட்ட வெட்டச் சரியும். அம்மான்ரை சீலையளைக் கிழிச்சுப் பை தைச்சு, மணல் நிரப்பி அடுக்கினனாங்கள். ரெண்டு முழம் தோண்ட உப்புத்தண்ணி வந்திடும்."

நான் பெயர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவன் மண்ணைப் பற்றிச் சொன்னான். அதற்குமேல் நான் ஒன்றும் பேசவில்லை.

பேச்சை மாற்றியது மூத்தவள்தான். ஏரிக்கரையில் ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். இளஞ்சிவப்பும் சாம்பலும் வரிவரியாக ஓடிய கல். தகப்பன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்கடை பக்கத்துக் கல்லெல்லோ" என்றான். அவன் சொன்னது பெரிய பிழையில்லை. அந்தக் கல் இந்த ஊர்க் கல் அல்ல. வடக்கே நூற்றுக்கணக்கான மைல்களுக்கு விரிந்திருக்கும் கனடியக் கேடயப் பாறையிலிருந்து பனி உருட்டிக்கொண்டுவந்து விட்டது. உலகின் மிகப் பழைய பாறைகளில் ஒன்று அது. வன்னியின் அடிப்பாறையும் அதே போன்ற, மிகப் பழைய உருமாறிய பாறைதான். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் அதற்குப் பக்கத்தில் நேற்றுப் பிறந்த குழந்தை.

இந்தப் பாறை வித்தியாசம் நம் ஊர்ப் பெயர்களில் அப்படியே எழுதியிருக்கிறது. புளியங்குளம், மாங்குளம், கனகராயன்குளம், செட்டிகுளம், வவுனிக்குளம், பாண்டியன்குளம். வன்னியில் எங்கே திரும்பினாலும் குளம். காரணம் என்ன? அங்கே கடும்பாறை மழைத்தண்ணீரை உள்ளே விடாது, தண்ணீர் ஓடிவிடும். ஓடுகிற தண்ணீரை மண்ணணை கட்டி மறித்தால்தான் வயல். முறிப்பு என்று ஓர் ஊர்ப்பெயர் வந்தால், ஒருகாலத்தில் அணை முறிந்த குளம் அங்கே இருந்தது என்று அர்த்தம். யாழ்ப்பாணத்திலோ சுண்ணக்கல் பொரிவிளாங்காய்போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். மழைத்தண்ணீர் இறங்கி, அடியிலிருக்கும் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். அதனால் கிணறு. கீரிமலைக் கேணியில் கடலோரத்தில் நல்ல தண்ணீர் பொங்குவதும் அதனால்தான். அளவுக்குமிஞ்சி இறைத்தால் உப்பு ஏறிவரும். மேலே ஊற்றியதெல்லாம் கீழே போகும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது பிரச்சினை ஒரு வளவோடு நிற்காததற்குக் காரணம் இந்தக் கல்தான்.

மருமகன் மணலாற்றை நினைவூட்டினான். 1984இல் அங்கிருந்த தமிழ்க் கிராமங்களின் மக்கள் துரத்தப்பட்டார்கள். 1980களின் கடைசியில் அந்த இடம் வெலிஓயா ஆயிற்று. சிங்களத்தில் வெலி என்றால் மணல், ஓயா என்றால் ஆறு. ஆட்களை மாற்றினார்கள், மொழியை மாற்றினார்கள், மணலை மாற்ற முடியவில்லை. இந்த நாட்டிலும் அது நடக்காமல் இல்லை. ரொறன்ரோ நிலத்துக்காக மிசிசாகா மக்களோடு 1787இலும் 1805இலும் செய்த கொள்வனவு நியாயமாக நடக்கவில்லை என்ற வழக்கு இழுபட்டு, 2010இல்தான் 145 மில்லியன் டொலர் கொடுத்துத் தீர்த்தார்கள். நாம் வாடகைக்கு இருக்கும் வீடு யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்வது, நிலத்தை இழந்து வந்த நமக்குக் கடினமான காரியமாக இருக்கக்கூடாது.

ஓக் றிட்ஜஸ் மேடும் ஏறக்குறையப் போகத்தான் இருந்தது. 1990களின் கடைசியில் றிச்மண்ட் ஹில்லின் வடக்கே ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டத் திட்டங்கள் வந்தன. இந்த மணல்மேடு மழையையும் பனியையும் குடித்து நிலத்தடியில் வைத்திருந்து, டொன், றூஜ், ஹம்பர் ஆறுகளுக்கு ஊட்டுகிறது. மேட்டை மூடினால் ஆறு எங்கே போகும் என்று ஊர்மக்கள் திரண்டு கூட்டங்களை நிரப்பினார்கள். 2001இல் மாகாண அரசு சட்டம் கொண்டுவந்து மேட்டைப் பாதுகாத்தது. எல்லாவற்றையும் அல்ல, பெரும்பகுதியை. ஸ்காபரோவில் இருப்பவர்கள் இதை அந்த ஊரார் விசயம் என்று நினைக்கவேண்டாம். ஸ்காபரோவின் கிழக்கு எல்லையில் ஏரியில் விழும் றூஜ் ஆற்றின் ஊற்றுக்கண்கள் இந்த மேட்டில்தான். றூஜ் என்றால் பிரெஞ்சில் சிவப்பு. கரையின் செங்களிமண்ணைப் பார்த்து வைத்த பெயர் என்பார்கள்.

வீடு தேடுகிறவர்களுக்கு என் சொந்த அனுபவம் ஒன்றும் சொல்லிவைக்கிறேன். 2003இல் நாங்கள் றிச்மண்ட் ஹில்லில் ஒரு வீடு வாங்கினோம். மேட்டில் இருக்கிற ஊரில் தண்ணீர் நிற்காது என்று எனக்குப் பெரிய நம்பிக்கை. விற்றுக்கொடுத்தவரும் அதையேதான் சொன்னார். அடுத்த பங்குனியில் பனி கரைந்தபோது பேஸ்மென்றில் கணுக்கால் அளவு தண்ணீர். ஊரிலிருந்து கொண்டுவந்த படங்கள் ஒரு பெட்டி நிறைய நனைந்துபோயின. அம்மாவின் கலியாணப் படமும் அதற்குள். பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் வந்து பார்த்துவிட்டு, "இது முன்னர் ஊற்றுக்கிடங்கு, இங்கே மாடு தண்ணீர் குடிக்கும்" என்றார். நல்ல நேரத்தில் சொன்னார்! மணலுக்கு நடுவே களிமண் தட்டு இருந்தால், இறங்கிய தண்ணீர் அதன்மேல் வழுக்கி எங்காவது வெளியே வரும். அந்த வாய் எங்கள் பேஸ்மென்றுக்குள் இருந்திருக்கிறது. சம்ப் பம்ப் போட்டபின்தான் நிம்மதி. ஆகையால் வீடு பார்க்கும்போது வீதிப் பெயரை ஒருமுறை வாசியுங்கள். ஸ்பிறிங், பொண்ட், மில், கிறீக் என்று வந்தால் பேஸ்மென்ற் மூலையைக் கையால் தடவிப் பாருங்கள். றிச்மண்ட் ஹில்லில் மில் பொண்ட் என்ற குளம் டொன் ஆற்றின் தலைப்பில் ஆலைக்காக மறித்த தண்ணீர். அந்தப் பெயர் பொய் சொல்லாது. ஆனால் புதிய குடியிருப்புகளில் கட்டுபவர்கள் அழகுக்காக வைக்கும் பெயர்களை நம்பவேண்டாம். வெட்டிப்போட்ட மரத்தின் பெயரைத்தான் பெரும்பாலும் வீதிக்கு வைக்கிறார்கள்.

பிள்ளையாரைக் கும்பிட்டு வெளியே வர இருட்டத் தொடங்கிவிட்டது. 404ஐ விட்டுவிட்டு யங் வீதியாலேயே தெற்கே இறங்கினேன். மருமகன் முன் இருக்கையில் அந்தக் கல்லை மடியில் வைத்திருந்தான். அவன் மனைவி, முறிப்பில் தன் தாத்தாவுக்கு இருந்த வயலைப் பற்றி மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தாள்; அந்தப் பெயரின் கருத்து இவ்வளவு நாளும் தனக்குத் தெரியாதாம். தூரத்தில் சி.என். கோபுரத்தின் சிவப்பு விளக்கு ஒருமுறை தெரிந்து மறைந்தது. பின்னால் நித்திரை என்று நாங்கள் நினைத்திருந்த சின்னவன் திடீரென்று கேட்டான்:

"தாத்தா, இப்ப மலையிலை இருந்து இறங்கிறமா?"

"ஓமடா" என்றேன்.